ஏலத்தோட்டத்துக்கு மூன்று கதவுத் தாரா, ஐந்து கதவு ராக்ஸா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். வீடு போடியில், தோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறைக்கு உள்ளே மூன்றரை ஏக்கர் ஏலக்காய். அப்பா ஓட்டிய பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டீர்கள். முழங்கால் வலியோடு அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும், நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் கட்டாயம் வேண்டும், மஹிந்திராவில் மூன்று கதவுத் தார் எடுப்பதா, ஐந்து கதவுத் தார் ராக்ஸ் எடுப்பதா என்று கேட்கிறீர்கள். மனசு தாரில் இருக்கிறது, வீட்டில் ராக்ஸ் என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டார் சொல்வதுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் உங்கள் தோட்டத்துப் பாதையில் இரண்டு இடங்களை அளந்து பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். எப்படி அளப்பது என்பதையும் சொல்கிறேன்.

நான் சாந்தன்பாறைப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக ஜீப் ஓட்டுகிறவன். பழைய மஹிந்திரா ஜீப்புகளான கமாண்டர், மேஜர் இரண்டும் கைக்குப் பழக்கம். நாலு வருஷமாக மூன்று கதவுத் தார் வைத்திருக்கிறேன். என் மச்சான் போன வருஷம் ராக்ஸ் ஃபோர் பை ஃபோர் எடுத்தார். இரண்டு வண்டியையும் ஒரே தோட்டத்துப் பாதையில், ஒரே மழைக்காலத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்லாக் பேச்சாக இல்லாமல் பாதையை வைத்தே சொல்ல முடிகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று என்பதால் ராக்ஸ் என்பது தாரை இழுத்து நீட்டி இரண்டு கதவு வைத்த வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020 அக்டோபரில் வந்த தாரின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், வேறு. 2024 ஆகஸ்டில் வந்த ராக்ஸின் அடித்தளம் ஸ்கார்பியோ என் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டிலும் முன்னால் சக்கரம் தனித்தனியாக ஏறி இறங்கும் டபுள் விஷ்போன், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு அச்சு, காயில் ஸ்பிரிங். ராக்ஸில் கூடுதலாகப் பின் அச்சைப் பக்கவாட்டில் ஆடவிடாமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்கேஜ் இருக்கிறது. போடிமெட்டு ஏறும்போது பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும். குழியில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கும்போது தார் முழு உடம்பையும் பக்கவாட்டில் ஒரு உதறு உதறும். ராக்ஸில் அந்த உதறல் பாதியாவது குறைகிறது.

இப்போது அளவு. தாரின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடைவெளி, 2450 மி.மீ. ராக்ஸுக்கு 2850. சரியாக 40 செ.மீ. கூடுதல். மொத்த நீளத்தில் தார் 3985 மி.மீ., ராக்ஸ் 4428. அகலத்தில் 1820க்கு 1870. உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த 40 செ.மீ.க்குள்தான் இருக்கிறது. பிள்ளைகள் கால் நீட்ட இடம் கொடுப்பதும் அதுதான், மேட்டில் வயிறு தட்ட வைப்பதும் அதுதான்.

வண்டி முன்னால் ஏறும் கோணம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று, 42 டிகிரிக்குப் பக்கம். பின்னால் இறங்கும் கோணமும் 36 டிகிரிக்கு மேல், பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீரில் இறங்கும் ஆழம் இரண்டுக்கும் கம்பெனி சொல்வது 650 மி.மீ. வேறுபடுவது நடு வயிற்றின் கோணம் மட்டும்தான், அதாவது மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் தாண்டும் கோணம். தாருக்கு 27 டிகிரி, ராக்ஸுக்கு 23.9. கேட்க மூன்று டிகிரிதான். ஏலத்தோட்டத்தில் அது பெரிய விஷயம்.

எங்கள் தோட்டத்தில் ஓடையைத் தாண்டியதும் ஒரு மேடு. பழைய ஜீப்புக்காக அந்தக் காலத்தில் கல் அடுக்கி மண் போட்டது. மழையில் மண் கரைந்து போய், நடுவில் ஒரு கருங்கல் ஆமை முதுகு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. என் தார் நாலு வருஷமாக அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை. மச்சானின் ராக்ஸை நான் ஓட்டிக்கொண்டு, தார் ஏறும் அதே கோட்டில் ஏற்றினேன். முன் சக்கரம் தாண்டியது, பின் சக்கரம் ஏறும் முன்பே அடியில் 'கர்ர்' என்று ஒரு இழுப்பு. இறங்கிக் குனிந்து பார்த்தால் கல்லின் பாசி வழித்துப்போய் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அடியில் இருந்த தகடுதான் உரசியது. தவறு என்னுடையது. நீள வண்டியைக் குட்டை வண்டி மாதிரி நேராக ஏற்றினேன். மறுநாள் சாய்வாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றியபோது தொடாமல் போனது.

உங்கள் பாதையில் அப்படி மேடு இருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரே உயரத்தில், 50 செ.மீ., இரண்டு குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவே 2.85 மீட்டர் இருக்கும்படி நிறுத்தி, உச்சிக்கு உச்சி கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். நடு மேட்டிலிருந்து கயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப்பால் அளங்கள். 50-லிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் ராக்ஸின் வயிற்றுக்கு அந்த மேடு காட்டும் உயரம். பிறகு குச்சிகளை 2.45 மீட்டருக்கு நெருக்கி அதே மாதிரி அளந்தால் தாருக்கான கணக்கு. சீரான வளைவுள்ள மேடு என்றால், தாருக்கு 15 செ.மீ. காட்டும் இடம் ராக்ஸுக்கு 20 செ.மீ. காட்டும். தாரின் தரை இடைவெளி 226 மி.மீ., ராக்ஸ் அதற்குக் கொஞ்சம் கீழே. ஆளும் மூட்டையும் ஏறினால் இரண்டும் அமுங்கும். அதனால் ராக்ஸுக்கு 18 செ.மீ.க்குள் வந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் தட்டும்.

இரண்டாவது இடம் வளைவு. தோட்டத்துக் கொண்டை ஊசிகள் குட்டை ஜீப்புக்கு வெட்டியவை. ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் பள்ளம். வண்டி திரும்பும்போது பின் உள்சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வீல்பேஸ் கூடக் கூட அந்த வெட்டும் கூடும். தார் ஒரே வீச்சில் திரும்பும் இடத்தில் ராக்ஸின் பின் சக்கரம் உள்பக்க ஓடைக்குள் இறங்கப் பார்க்கும். அப்படி இடத்தில் ஒரு முறை முன்னே பின்னே எடுக்க வேண்டும். ராக்ஸ் ஃபோர் பை ஃபோரில் இதற்கென்று இன்டெல்லி டர்ன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஃபோர் லோவில், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியரில், திரும்பும்போது பின் உள்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, வண்டியை அந்த இடத்திலேயே சுழல விடும். நல்ல வேலை செய்கிறது. ஆனால் பிடித்த சக்கரம் மண்ணை உழும். எடவப்பாதி மழையில் ஊறிக் கிடக்கும் பாதையில் தினமும் அதைப் போட்டால், ஒரே மாதத்தில் உங்கள் வளைவை நீங்களே குழியாக்கிவிடுவீர்கள். எப்போதாவது போடத்தான் அது.

ஒரு கேள்வி உங்களுக்கு வரலாம். பாதையில் தார்தான் கெட்டிக்காரன் என்றால் ராக்ஸை ஏன் எடுக்க வேண்டும்?

உங்கள் அம்மாவுக்காக. என் அம்மாவைத் தாரின் பின்சீட்டில் ஏற்றும் காட்சியைச் சொல்கிறேன். முன்சீட்டைச் சாய்த்து முன்னே தள்ள வேண்டும். இடது காலைப் படியில் வைத்து, வலது காலை மடக்கி உள்ளே நுழைத்து, கூரையில் தலை இடிக்காமல் குனிந்து, உடம்பைத் திருப்பி உட்கார வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய முழங்காலுக்கு அது ஏறுவது இல்லை, கரணம் போடுவது. இரண்டு தடவை ஏறினார், மூன்றாவது தடவை "நான் பஸ்ஸிலேயே வந்துக்கிறேன்பா" என்றுவிட்டார். அன்றிலிருந்து அம்மா முன்சீட்டில், மனைவி பின்னால். ராக்ஸும் உயரமான வண்டிதான், ஆனால் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து, நேராக ஏறி உட்காரலாம்.

பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி. பின்சீட்டில் குமட்டல் வராத பிள்ளை எங்கள் பக்கம் குறைவு. கெட்டிக் கூரை போட்ட ஹார்டு டாப் தாரில் பின்பக்கக் கண்ணாடி இறங்காது. காற்று வேண்டுமென்றால் முன் கண்ணாடியைத்தான் இறக்க வேண்டும். ராக்ஸில் பின் கதவுக்குக் கண்ணாடி இருக்கிறது, இறக்கினால் பிள்ளை முகத்தில் மலைக்காற்று அடிக்கும். போடியில் குடும்பத்தோடு இருக்கும் உங்களுக்கு, வாரத்தில் எத்தனை நாள் நீங்கள் தனியாகத் தோட்டத்துக்குள் போகிறீர்கள், எத்தனை நாள் ஐந்து பேராக மலை ஏறி இறங்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து பேர் என்பதே தாரில் நடக்காது, அது நாலு சீட்டு வண்டி. இந்த ஒரு காரணமே போதும், ஆனால் அதை யாரும் முதலில் கவனிப்பதில்லை.

பாதுகாப்பையும் பாருங்கள். தார் 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. ராக்ஸ் 2024 நவம்பரில் பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம், பெரியவர்கள் பாதுகாப்பில் 32-க்கு 31.09. இரண்டு சோதனைகளின் அளவுகோல் வேறு, அதனால் நேருக்கு நேர் வைத்துக் கழித்துப் பார்க்காதீர்கள். ஏர்பேக் கணக்கு மட்டும் நேராகத் தெரியும். தாரில் முன்னால் இரண்டு, ராக்ஸில் பக்கவாட்டுத் திரையோடு சேர்த்து ஆறு. பின்னால் உட்காரப்போவது உங்கள் பிள்ளைகள்.

எந்த எஞ்சின் என்பதில் உங்களுக்குத் தெரிவு குறைவு. ராக்ஸில் ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டும்தான் வருகிறது. தாரில் பெட்ரோலிலும் கிடைக்கும், டீசலிலும் கிடைக்கும். தார் டீசல் 2.2 லிட்டர், 130 பி.எச்.பி., 300 நியூட்டன் மீட்டர். ராக்ஸிலும் அதே 2.2 லிட்டர்தான், வேரியண்ட்டைப் பொறுத்து 150க்கும் 175க்கும் இடையே பி.எச்.பி., 330-லிருந்து 370 நியூட்டன் மீட்டர். கூடுதல் எடையை இழுக்க அது போதும். மூட்டையோடு ஏறும்போது எதிலும் சக்திக் குறைவு தெரியவில்லை.

டீசல் எடுக்கிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பிஎஸ் 6 டீசல் எல்லாவற்றிலும் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அது தானாகக் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நன்றாகச் சூடாகி, ரோட்டில் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். தோட்டத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் மட்டும் ஃபர்ஸ்ட் கியரிலேயே போய்வந்தால் வடிகட்டி அடைக்கும். என் அண்ணன் மகனின் கார், வேறு கம்பெனி வண்டி, காய் எடுப்புக் காலத்தில் இப்படித்தான் டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, இழுவை குறைந்து நின்றது. உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. போடிக்கு இறங்கி ஏறுகிறீர்கள், மெட்டுக்கு மேலே மூணாறு வரை ரோடு அகலமாகிவிட்டது, எஞ்சின் சூடாக வாய்ப்பு உண்டு. தோட்டத்திலேயே தங்கி அங்கேயே சுற்றுகிறவர் கேட்டிருந்தால் பெட்ரோல் தாரைச் சொல்லியிருப்பேன்.

விலையில் ஏமாறாதீர்கள். 2025 அக்டோபரில் புதுப்பித்த தார் 9.99 லட்சத்திலிருந்து என்று விளம்பரம் வந்தது. அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 1.5 லிட்டர் டீசல். நாலு மீட்டருக்குள், 1500 சி.சி.க்குள் இருப்பதால் 2025 செப்டம்பர் 22-லிருந்து அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஃபோர் பை ஃபோர் தாரும் நாலு மீட்டருக்குள்தான், ஆனால் எஞ்சின் பெரியது, அதனால் அதற்கும் ராக்ஸுக்கும் 40 சதவீதம். ராக்ஸ் ஃபோர் பை ஃபோர் 2024-ல் வரும்போது 18.79 லட்சத்தில் தொடங்கியது, வரி மாறியபோது குறைந்தது. ஷோரூமில் கேட்கும்போது "ஃபோர் பை ஃபோர் ஆன் ரோடு" என்று மட்டும் கேளுங்கள். பின் அச்சு லாக் எந்த வேரியண்ட்டில் வருகிறது என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது மறு சக்கரத்துக்கு இழுவையைக் கொடுப்பது அதுதான். சகதியில் லாக் இல்லாத ஃபோர் பை ஃபோரும் திணறும்.

டயரில் தாருக்கு ஒரு நல்லது இருக்கிறது. கீழ் வேரியண்ட்டுகளில் 16 இஞ்ச் ரிம்மில் 245/75 டயர் வரும், அது ஃபோர் பை ஃபோரில் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் சுவர் உயரம், காற்றைக் குறைத்தால் கல்லைக் கவ்விப் பிடிக்கும். ராக்ஸின் மேல் வேரியண்ட்டில் 19 இஞ்ச். பார்வைக்கு ஜோர், தோட்டத்துக்கு வேண்டாம். 18 இஞ்ச் வருவதை எடுங்கள். சகதிக்குள் போகும் முன் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்குப் பக்கம் இறக்கிக்கொண்டு, தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள். கையில் ஒரு சின்ன கம்ப்ரஸர் இருக்கட்டும்.

இரண்டிலும் ஃபோர் பை ஃபோர் என்பது வேண்டும்போது போட்டு எடுக்கும் வகை. முன் அச்சையும் பின் அச்சையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹை, அதாவது சாதாரண வேகத்துக்கான நாலு சக்கர இழுவை, போட்டுக்கொண்டு கொண்டை ஊசி திரும்பினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், கிளறும் சத்தம் வரும், உள்ளே பல்சக்கரம் தேயும். மழை பெய்தாலும் நல்ல ரோடு என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹை போதும். பழைய ஜீப் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்றால் சொல்லிக்கொடுங்கள்.

சட்டம் இரண்டு சொல்லிவிடுகிறேன், எல்லையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். தமிழ்நாடு பதிவு வண்டியை ஓட்டிக்கொண்டு தினமும் கேரளத்துக்குள் வந்துபோகலாம். தோட்டத்திலேயே நிறுத்தி 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. வெள்ளை போர்டு வண்டியில் கூலி வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. உங்கள் தோட்டத்து வேலைக்கு வரும் பெண்களை உங்கள் வண்டியில் கூட்டி வருவது வேறு, சீட்டுக்குக் காசு வாங்குவது வேறு. முன்னால் இரும்பு பம்பர், உயரம் ஏற்றும் ஸ்பிரிங் எல்லாம் போடலாம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 52-ஆவது பிரிவை வைத்து 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கேரளத்தில் பிடித்தால் விடமாட்டார்கள். இன்சூரன்ஸும் கை விரிக்கும்.

கொழுக்குமலைக்குச் சொந்த வண்டியில் ஏறவேண்டும் என்ற ஆசையும் உங்களுக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை மனசில் வைத்து வண்டி எடுக்காதீர்கள். அங்கே சூரியநெல்லியில் ஜீப் அமர்த்தித்தான் போக முடியும், எந்தத் தார் வைத்திருந்தாலும் கீழேதான் நிற்கும்.

ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் இருட்டில் வருகிறவராக இருந்தால் ஒரு சொல். பாதையில் ஆனை நின்றால் திருப்ப இடம் இருக்காது, பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். அந்த நேரம் தார் குட்டையாக இருப்பது கைக்கு அடக்கம். ராக்ஸில் பின் கேமரா இருந்தாலும் லென்ஸில் சேறு அப்பியிருந்தால் ஒன்றும் தெரியாது. தோட்டத்திலிருந்து கிளம்பும் முன் கேமராவைத் துணியால் துடைப்பதை மச்சான் பழக்கமாக வைத்திருக்கிறார்.

மூட்டைக் கணக்கு இரண்டு வரியில். தாரில் பின்சீட்டு நிமிர்ந்திருந்தால் ஒரு பச்சைக்காய்ச் சாக்கு வைப்பதே பாடு. மடக்கினால் நல்ல இடம், ஆனால் அப்போது ஆள் இரண்டு பேர்தான். ராக்ஸில் நாலைந்து பேர் உட்கார்ந்த பிறகும் பின்னால் மூட்டைக்கு இடம் மிஞ்சும். வெள்ளை உள்சீட்டு வருவதை எடுக்காதீர்கள், ஏலக்காய்க் கறையும் செம்மண்ணும் போகாது. ஃபோர் பை ஃபோரில் காப்பிக்கொட்டை நிறம் கிடைக்கிறது.

ஆக, அளந்து பாருங்கள். மேடு 18 செ.மீ.க்குள், வளைவும் ஒரு முன்னே பின்னேயில் முடிகிறது என்றால் ராக்ஸ் டீசல் ஃபோர் பை ஃபோரை எடுத்துவிடுங்கள். மேடு கூடுதல் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எங்கள் ஆமைக் கல்லை மச்சான் இரண்டு ஆள் வைத்துக் கடப்பாறையால் ஒரே காலையில் பெயர்த்தார், பள்ளத்தில் சோலிங் கல் அடுக்கினார். இப்போது ராக்ஸ் நேராகவே ஏறுகிறது. வளைவை அகலப்படுத்த ஜேசிபி வேண்டுமென்றால், இறக்கும் முன் வில்லேஜ் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தாரில் கதவு வைக்க மட்டும் எந்தக் கடப்பாறையும் உதவாது. பாதை பக்கத்துத் தோட்டக்காரருடையது, கை வைக்க விடமாட்டார், மேடும் 25 செ.மீ. காட்டுகிறது என்றால் மட்டும் தார் எடுங்கள். அப்படியானால் குடும்பத்தோடு போவதற்கு வேறு ஏற்பாடு இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

புக் பண்ணப் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு வண்டியின் பின்சீட்டிலும் அவரை ஏறி உட்காரச் சொல்லுங்கள், இறங்கவும் சொல்லுங்கள். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்.